கரண்ட் போன பிறகும் கேட்ட டைப் சத்தம்

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். ஊரில் பாதிப் பேருக்குக் கிளட்ச் மிதிக்கத் தெரிந்ததே அவரால்தான். ஆனால் சொந்த நாவல்தான் பாதி வழியில் நின்றுவிட்டது. எந்த கியரும் விழவில்லை. "புத்தகத்தை முடிக்காமல் வண்டியைத் தொடமாட்டேன்" என்று சபதம் போட்டு, நீண்ட லீவில் உட்கார்ந்தார். கதாநாயகனையும் கதாநாயகியையும் லிஃப்டில் ஏற்றினார். லிஃப்ட் நடுவில் நின்றது. கதையும் நின்றது.

"இன்னுமா வெளிய விடல?" என்றாள் மனைவி.

"யோசிக்கிறேன்."

"ஏறி எத்தனை நாளாச்சு! அதுங்களுக்குச் சோறாவது போட்டீங்களா?"

"இதெல்லாம் கற்பனை!"

"பசி கற்பனை இல்லீங்களே."

இந்த வாய்க்குப் பயந்துதான் மனிதர் அந்தக் காரியத்தைச் செய்தார். தான் டைப் அடிக்கும் சத்தத்தை ஃபோனில் பதிவு செய்தார். அறைக்கதவைச் சாத்தி, அதை ஓடவிட்டுப் படுத்துக்கொண்டார். டக டக டக! சமையலறை வரை கேட்டது. மனைவி பூனை மாதிரி வந்து கதவுக்கு வெளியே காபியை வைத்துவிட்டுப் போனாள். சொர்க்கம்!

ஒரு மத்தியானம் கரண்ட் போனது. ஃபேன் நின்றது. கம்ப்யூட்டர் அணைந்தது. டைப் சத்தம் மட்டும் நிற்கவில்லை.

வேர்த்து விழித்தால், திறந்த கதவருகே மனைவி. பாய்ந்து ஃபோனை அமுக்கினார்.

"கரண்டே இல்லாம எழுதறீங்களே, பெரிய ஆளுதாங்க! பக்கத்து வீட்டு டீச்சர்கிட்டகூட சொல்லிட்டேன். சாயங்காலம் கதை கேக்க வர்றாங்க."

"இன்னிக்கேவா?"

"விடாம எழுதியிருக்கீங்க. கேட்டு முடிக்க ராத்திரி ஆயிடுமோன்னுதான் அவங்களுக்குக் கவலை."

மானம் போகிற அவசரம். பேனாவை எடுத்தார். கதாநாயகன் பட்டனைக் குத்தினான், கூரையைத் தட்டினான், கத்தினான். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் கதாநாயகி பொறுமையிழந்து, "கொஞ்சம் தள்ளுங்க" என்று கதவை ஓர் உதை விட்டாள். திறந்துகொண்டது! அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு பேனா நிற்கவேயில்லை.

சாயங்காலம் கூடத்தில் மனைவி மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

"டீச்சர் எங்கே?"

"அவங்க ஊர்லயே இல்லீங்க. ஏன், நான் கேட்டா ஆகாதா?"

கோபப்படத்தான் நினைத்தார். படித்துக்காட்டும் ஆசை முந்திக்கொண்டது. உதை விட்ட இடத்தில் அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். மனிதருக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"பிரமாதங்க!" என்று கண்ணைத் துடைத்தபடி எழுந்தாள் மனைவி. "டீச்சர் நாளைக்கு ஊர்லேர்ந்து நிஜமாவே வந்துடறாங்க. முழு நாவலையும் முடிச்சிட்டீங்கன்னு ஃபோன்ல சொல்லியிருக்கேன்."