மச்சான் ஏறிய பரணும் அழியாத எழுத்தும்

சாய்ந்தமருது

கட்டாரில் சுகமாக இருக்க நான் ஐவேளையும் துஆச் செய்யும் மருமகன் றாஸிக்குக்கு, மாமா முகம்மது தம்பி எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் நல்ல சுகம். உங்கள் மாமி மைமூனா மட்டும் என்னோடு கதைப்பதில்லை.

இதைக் கடதாசியில் எழுதக் காரணம் உண்டு. கடதாசியில் பிழை விட்டால் வெட்டலாம். கைநாட்டு வைத்துத் திரிந்த நான் முதியோர் வகுப்பில் எழுத்துப் படித்ததைக் கேள்விப்பட்டு, உங்கள் புளொக்செயின் எழுத்தாளர் குழுவில் என்னையும் சேர்த்தீர்கள். அதில் எழுதுவது ஊரார் எல்லாருடைய கொப்பியிலும் ஒரே நேரத்தில் பதிவது போல, எழுதியவனாலும் அழிக்க முடியாது என்றீர்கள். எனக்குக் கண் கலங்கியது. இந்த வயதில் எழுத வந்தவனுக்கு அழியாத எழுத்து என்றால் சும்மாவா?

பிறகு நீங்கள் கவலைப்பட்டீர்கள். வருகிறவர்கள் ஒன்றிரண்டு எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள், ஆட்கள் நிலைக்காவிட்டால் நோன்புக்கு முன் குழுவை மூடவேண்டியதுதான் என்றீர்கள். புது ஆளைக் கூட்டி வாருங்கள், அவர் எழுதியதன் கீழ் 'அருமை' என்று மட்டும் போடாமல் மனதில் பட்ட உண்மையை எழுதுங்கள், அப்போதுதான் அவர் நிற்பார் என்றும் சொன்னீர்கள். நான் மாமியின் தம்பி அப்துல் கபூரைச் சேர்த்தேன். வெள்ளம் வந்த வருஷம், வரிப்பத்தான்சேனை வயலில் வாய்க்கால் கட்டு உடைந்தபோது, தனியாளாக மண்மூட்டை அடுக்கி எல்லாருடைய வெள்ளாமையையும் காப்பாற்றியதை அவர் எழுதினார். நல்ல எழுத்து. நான் ஒரு பகல் முழுக்க எழுத்துக் கூட்டி, அதன் கீழே போட்டேன்: "மச்சான், அன்று நீங்கள் மருதமரத்துக் காவல் பரணில் இருந்தீர்கள். கையைப் பிடித்து இறக்கியது நான்."

அதை மச்சானும் பார்த்தார், அவருடைய சம்பந்தியும் பார்த்தார், அன்றிலிருந்து மச்சான் எழுதவும் இல்லை, நம்ம வீட்டுப் படி மிதிக்கவும் இல்லை, அவர் வராததால மாமி மீன் ஆக்கிறதும் இல்ல, நான் அழிக்கிற பட்டனை அமத்து அமத்தெண்டு அமத்தினன், என்ட போனில மறைஞ்சிது, ஆனா பழசு அந்தப் புளொக்செயின் சங்கிலியில அப்படியே கிடக்காம், பார்க்கத் தெரிஞ்ச ஆக்கள் பார்ப்பாங்களாம், மச்சானுக்கு அது நல்லாவே பார்க்கத் தெரிஞ்சிருக்கு. மாமி கடைசியாக என்னோடு கதைத்தது இவ்வளவுதான்: "எழுதத் தெரியாம இருக்கக்குள்ள எவ்வளவு நல்ல மனிசனா இருந்தீங்க."

ஆகவே மருமகன், அந்த வரியை எப்படியாவது அழித்துத் தாருங்கள். முடியாவிட்டால் என்னை நீக்கிவிட்டு மச்சானை வைத்துக்கொள்ளுங்கள். எழுத்து எனக்கு ஆசைதான். ஆனால் மச்சான் வராத பெருநாளை நான் இதுவரை கண்டதில்லை.

அல்லாஹ் உங்கள் தொழிலிலும் உடம்பிலும் பரக்கத்துச் செய்வானாக.

மாமா,
முகம்மது தம்பி

பின்குறிப்பு: நேற்று இதைத் தபாலில் போடப் புறப்படும்போது போன் சத்தமிட்டது. மச்சான் பதில் எழுதியிருக்கிறார்: "பரணில் ஏறியது உண்மை. உடைப்பு எந்தப் பக்கம் என்று பார்க்கத்தான் ஏறினேன். எனக்கு முதலே அங்கே குந்திக்கொண்டிருந்தது யார்?" பக்கத்து வயல்காரர், வீரமுனை அழகரெத்தினம், இதற்காகவே குழுவில் சேர்ந்து, நாங்கள் இரண்டு பேரும் மேலே இருந்து சத்தம் போட, மூட்டை அடுக்கியது தான்தான் என்று கீழே எழுதியிருக்கிறார். சாட்சி சொல்ல அவர்கள் ஊரிலிருந்தும் நம்ம ஊரிலிருந்தும் ஆட்கள் சேர்ந்தபடி இருக்கிறார்கள். மச்சான் இப்போது நம்ம வீட்டு விறாந்தையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு, எனக்குத் தெரியாமல் போனைச் சரித்துப் பிடித்து எழுதுகிறார். ஒன்றையும் அழிக்க வேண்டாம். குழுவை மூடவும் வேண்டாம். மாமியும் தன்னைச் சேர்க்கச் சொல்கிறா. வெள்ளத்தன்று நான் வீட்டுக்கு வந்து சொன்ன கதையை எழுதப் போறாவாம். அதை மட்டும் அழிக்க ஏதும் வழி இருக்கிறதா என்று உடனே அறியத் தரவும்.