குப்பைமேனிக்குக் கொம்பு நட்ட டவாலி

வாழைக்கு முட்டுக் கொடுப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். வெற்றிலைக்குக் கொடிக்கால் போடுபவர்களையும் பார்த்திருப்பீர்கள். குப்பைமேனிக்குக் கொம்பு நட்டு, வாழைநாரால் கட்டி, உச்சி வெயிலுக்குக் கமுகம்பாளையைக் குடையாகக் கவிழ்த்து வளர்த்த மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் இருந்திருக்கிறார். அவர் எங்களுக்கு அடுத்த வீட்டில், ஒரே மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்தார் என்பது என் தலையெழுத்து.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். நான் கல்யாணமாகிக் கோட்டாற்றுக்கு வந்த புதிது. அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. கோர்ட்டில் டவாலியாக இருந்து ஓய்வு பெற்றவர் என்பதால் டவாலி. மார்பில் குறுக்கே பட்டையும் பித்தளை வில்லையும் போட்டுக்கொண்டு, கோர்ட் வாசலில் நின்று வாதி பிரதிவாதிகளின் பெயரை மூன்று முறை கூவுகிற வேலை. ஓய்வு பெற்ற அன்று பட்டையையும் வில்லையையும் சர்க்கார் திருப்பி வாங்கிக்கொண்டது. மூன்று முறை கூவுவதை மட்டும் வாங்க முடியவில்லை. பூனையைக்கூட மூன்று முறை கூப்பிடுவார். முதல் சத்தத்திலேயே அது ஓடி வந்து காலை உரசிக்கொண்டு நின்றாலும், மிச்சம் இரண்டையும் கூவி முடித்துவிட்டுத்தான் பால் ஊற்றுவார். அவர் வாசலில் நின்று நாவிதரைக் கூப்பிட்டால் சந்தையில் மாடுகள் திரும்பிப் பார்க்கும் என்று என் வீட்டுக்காரர் சொல்வார்.

கோர்ட்டிலிருந்து அவர் கொண்டுவந்த இன்னொரு வியாதி, விசாரிக்காமல் யாரையும் தண்டிக்கக் கூடாது என்பது. அவர் வீட்டுத் தென்னையில் ஒருவன் ஏறித் தேங்காய் பறித்துக்கொண்டிருந்தபோது கையும் களவுமாகப் பிடித்தார். தெருவே அடிக்கக் கை ஓங்கியது. இவர் தடுத்து, அவனை உட்காரவைத்து, பட்டினியாக இருப்பவன் ஒழுங்காகப் பதில் சொல்ல மாட்டான் என்று ஒரு சட்டி கஞ்சி கொடுத்துவிட்டு, சாட்சி கூட்டிவரப் போனார். வந்து பார்த்தால் ஆளும் இல்லை, தேங்காயும் இல்லை, கஞ்சிச் சட்டியும் இல்லை. டவாலி கொஞ்சமும் கலங்கவில்லை. பிரதிவாதி வாய்தா வாங்கியிருக்கிறான் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

இப்படிப்பட்டவருக்கு ஒரே மகள், தங்கம்மை. தாய் இல்லாத பிள்ளை. கொழும்பில் கட்டிக் கொடுத்திருந்தார். அவள் முதல் பிள்ளை உண்டாகியிருப்பதாகக் கொழும்பிலிருந்து வந்த ஒருவர் கடைத்தெருவில் வைத்துச் சேதி சொன்னார். கூடவே இன்னொரு சேதி. மசக்கையில் அவளுக்கு எது தின்றாலும் குமட்டுகிறது. தக்காளி என்கிற பழத்தைப் போட்டுக் குழம்பு வைத்தால் மட்டும் சோறு இறங்குகிறது. அவள் மாமியார், "தாயில்லாத வீட்டிலே யாரு கவனிப்பா? அங்க இந்தப் பழம்கூட கிடைக்காது. பேறு இங்கேயே நடக்கட்டும்" என்று சொல்லிவிட்டாளாம். தங்கம்மை ஒரு பொட்டலத்தில் தக்காளி விதையைக் கட்டி அப்பாவிடம் கொடுக்கச் சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

பொட்டலத்தை வாங்கிக்கொண்ட டவாலி நடுக்கடைத்தெருவில் நின்று, "எனக்க முற்றத்திலே தக்காளி காய்ச்சுத் தொங்குதுண்ணு சொல்லும். எம்மகளை ஏழாம் மாசம் கூட்டிட்டு வரட்டும்" என்று சொல்லிவிட்டார்.

அதுவரை அவர் தக்காளியைத் தின்றதும் இல்லை, கண்ணால் கண்டதும் இல்லை. நாங்களும்தான். வெள்ளைக்காரர் பங்களாத் தோட்டங்களில் இருக்கிறது என்று கேள்வி. சந்தைக்கு வராது. நமக்குப் புளி உண்டு, மாங்காய் உண்டு, கொல்லையில் புளிச்சிக்காய் உண்டு. புளிப்புக்கு இன்னொன்றைக் கொழும்பிலிருந்து வரவழைக்க என்ன தேவை என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

மறுநாள் காலையில் மதிலுக்கு மேல் தலை தெரிந்தது. நான் தோவாளைப் பக்கத்து வயல்காரர் வீட்டுப் பெண் என்பதால் என்னை நிபுணர் சாட்சியாக எடுத்துக்கொண்டுவிட்டார். "பிள்ளே, இது கன்னிப்பூவா, கும்பப்பூவா?" என்று கேட்டார். நாஞ்சில் நாட்டில் பிறந்தவர்களுக்குப் பயிர் என்றால் நெல், பருவம் என்றால் இந்த இரண்டு போகம். மூன்றாவதாக ஒன்று இருக்கலாம் என்று எனக்கும் தோன்றவில்லை. யோசித்துப் பார்த்து, கன்னிப்பூவாகத்தான் இருக்கும் என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

அவ்வளவுதான். நெல்லுக்கு என்னென்ன உண்டோ அத்தனையும் அந்தச் சிட்டிகை விதைக்கு நடந்தது. ஊறப்போட்டார். துணியில் முடிந்தார். வைக்கோலுக்குள் பொதிந்து, பாரம் வேண்டுமே என்று மேலே அம்மிக்கல்லைத் தூக்கி வைத்தார். விதை எள்ளைவிடக் கொஞ்சம் பெரியது. அம்மி என்ன எடை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் பிரித்துப் பார்த்தபோது ஒன்றிரண்டு வெள்ளையாக முளை காட்டியிருந்தன. டவாலி பூரித்துப்போனார். முற்றத்தின் நடுவில் வரப்புக் கட்டி, குளத்து வண்டலும் தொழுவத்து எருவும் கொட்டி, சேறாகக் குழப்பி நாற்றங்கால் போட்டு, விதையைத் தூவி, மேலே தண்ணீரும் கட்டினார். தண்ணீர் நிற்கலாமா என்று ஒரு சந்தேகம் எனக்கு வந்தது. நெல்லுக்கு நிற்கும்தானே என்றார். நானும் தலையாட்டினேன்.

அன்று சாயங்காலம் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. வரப்பு உடைந்து, வண்டலும் எருவும் விதையுமாக முற்றம் முழுவதும் பரவிவிட்டது. தொழுவம் வரை, கிணற்றடி வரை, வாசல் நடை வரை. தக்காளி இனி எங்கே முளைக்கும் என்று சொல்ல யாராலும் முடியாது. எங்கே முளைத்தாலும் அது தக்காளியாக இருக்கலாம்.

இனிமேல் முற்றம் தூக்கக் கூடாது என்று, வாசல் தெளிக்க வருகிறவளுக்கு மறுநாள் உத்தரவு போட்டார். வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன், எங்கள் பக்கம் தூக்குவது என்றால் பெருக்குவது. விடிந்ததும் முற்றம் தூத்து, சாணி தெளித்து, கோலம் போடாத வீட்டில் சாவு விழுந்திருக்க வேண்டும். டவாலி வீட்டு வாசலில் இதில் ஒன்றும் நடக்காததைக் கண்டு, கீழத்தெருவிலிருந்து இரண்டு பேர் துக்கம் கேட்க வந்துவிட்டார்கள். முளை மிதிபடக் கூடாது என்று டவாலி வழியெல்லாம் செங்கல் போட்டு வைத்திருந்தார்; செங்கல்மேல் காலை வைத்துத்தான் வர வேண்டும். அந்த இரண்டு பேரும் கொக்கு மாதிரி தாவித் தாவி வந்து, யார் போய்விட்டார்கள் என்று கேட்டுவிட்டு, ஒன்றும் புரியாமல் திரும்பிப் போனார்கள்.

அந்த எருவுக்கும் வண்டலுக்கும் முளைக்காதது ஒன்றும் இல்லை. குப்பைமேனி, தும்பை, கீழாநெல்லி, குறுந்தோட்டி, மிளகாய், கத்தரி, இன்னும் பேர் தெரியாத என்னென்னவோ. முளைத்த ஒவ்வொன்றின் பக்கத்திலும் முதலில் ஒரு ஈர்க்குச்சி நட்டார். வளர வளரக் கம்பாயிற்று, கொம்பாயிற்று. இது தும்பை, எனக்கு நன்றாகத் தெரியும் என்று நான் சொல்லிப் பார்த்தேன். தக்காளியைப் பார்த்திருக்கிறாயா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்புறம் இது தக்காளி இல்லை என்று எப்படிச் சாட்சி சொல்கிறாய் என்றார். கொஞ்ச நாளில் எனக்கே தும்பைமேல் சந்தேகம் வந்துவிட்டது. காய் காட்டட்டும், அப்புறம் தீர்ப்பு என்பதுதான் அவர் சட்டம். கத்தரிச்செடி காய்த்தது. அது சிவக்கும் என்று காத்திருந்தார். ஊதாவாக இருந்து மஞ்சளாகி, முற்றி, வெடித்து விழும்வரை காத்திருந்தார்.

தெருக்கோடியில் ஒரு வைத்தியர் இருந்தார். பச்சிலை அறிந்தவர் ஆயிற்றே என்று அவரைக் கூட்டிவந்தோம். அவரும் தக்காளி பார்த்ததில்லை. ஆனால் மலையேறித் தேட வேண்டிய மூலிகையெல்லாம் கொம்பு நட்டு வரிசையாக நிற்பதைக் கண்டு மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. அதற்கப்புறம் இருமல்காரர்களும் காமாலைக்காரர்களும் நேராக டவாலி வீட்டுக்கே வரத் தொடங்கினார்கள். இலை பறிக்கலாம், வேரைத் தொடக் கூடாது என்று நிபந்தனை. கிணற்றடித் துவைகல்லுக்குப் பின்னால் ஒரு செடி, மேலெல்லாம் பூனைமயிரோடு, படுத்துக் கிடந்தது. அதைத் தொட்டால் விரலில் ஒரு நாற்றம். ஆடுகூட அதில் வாய் வைக்கவில்லை. வைத்தியர் மோந்து பார்த்து முகத்தைச் சுளித்து, இது விஷம், இதை மட்டுமாவது பிடுங்கிப்போடும் என்றார்.

"நாறுகது ஒரு குற்றமா ஓய்? எனக்க சர்வீசிலே எத்தனை பேரு நாறிக்கிட்டு வந்து நிரபராதிண்ணு போயிருக்கான்" என்றார் டவாலி. சந்தேகத்தின் பலனை அதற்கும் கொடுத்து, அதற்கும் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினார்.

ஏழாம் மாதம் பிறந்தது. மருமகளைத் தானே கூட்டிவருவதாக மாமியார் சொல்லி அனுப்பினாள். வீட்டைக் கண்ணால் பார்த்துப் பிடித்தால் விட்டுவிட்டுப் போவாள். பிடிக்காவிட்டால் அடுத்த கப்பலில் கொழும்புக்கே கூட்டிப்போய்விடுவாள். முற்றம் காடாகக் கிடந்தது. கோலம் போட உள்ளங்கை அகலம் இடமில்லை. தக்காளி என்று காட்ட ஒரு காய் இல்லை. நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். வாசல் நடையையாவது செதுக்கிவிடலாம், நல்ல வீடு என்று தோன்றும், தக்காளி பட்டுப்போயிற்று என்று சொல்லிக்கொள்ளலாம் என்றேன்.

டவாலி செடிகளுக்கு முன்னால் வந்து நின்றார். அன்றைக்குத்தான் அவர் சத்தம் தாழ்ந்து கேட்டேன். "இதிலே ஒண்ணு எம்மக அனுப்பினது பிள்ளே. எதுண்ணு எனக்குத் தெரியல்ல. தெரியாம எதைப் பிடுங்கச் சொல்லுகே?"

நான் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

திருநெல்வேலியிலிருந்து பஸ்ஸில் வந்து, வில்வண்டி பிடித்து, மாமியாரும் மருமகளும் வாசலில் இறங்கினார்கள். நான் ஆரத்தித் தட்டோடு எந்தச் செங்கலில் நிற்பது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தேன். மாமியார் முற்றத்தைப் பார்த்தாள். கொம்புகளைப் பார்த்தாள். கவிழ்த்துவைத்த பாளைகளைப் பார்த்தாள். "இதென்ன, ஆளு குடியிருக்க இடமா?" என்று வண்டிக்காரனைப் பார்த்துக் கேட்டாள். பெட்டியை இறக்கப் போனவன் கையை எடுத்துக்கொண்டான். டவாலி செடிகளுக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்.

தங்கம்மை யாரையும் பார்க்கவில்லை. வயிற்றைத் தாங்கிக்கொண்டு செடிகளுக்குள் நடந்தாள். ஒவ்வொரு இலையாகத் தொட்டு விரலை மோந்து பார்த்தாள். தும்பை, மிளகாய், குப்பைமேனி எல்லாவற்றையும் கடந்து கிணற்றடிக்குப் போனாள். துவைகல்லுக்குப் பின்னால் மெல்லக் குனிந்தவள் எழுந்திருக்கவில்லை. என்னமோ ஏதோ என்று நான் ஓடினேன். அந்த நாறுகிற செடியின் இலைகளை முகத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். இலைக்கு அடியில் நெல்லிக்காயைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு காய், பாதி பச்சையும் பாதி சிவப்புமாக.

மாமியாரும் செங்கல் செங்கலாக மிதித்து வந்து பார்த்தாள். காய்ச்சுத் தொங்குகிறது என்றது இந்த ஒன்றையா என்று கேட்டாள். தொங்கத்தானே செய்கிறது அத்தை என்றாள் தங்கம்மை. மாமியாருக்கு அது போதவில்லை. மற்றதெல்லாம் களைதானே, களைக்கு எதற்குக் கொம்பு என்று என்னிடம் கேட்டாள். தக்காளி எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது, மகள் அனுப்பியது தப்பித்தவறிக் கையில் சிக்கிவிடக் கூடாதே என்று ஒன்றையும் பிடுங்கவில்லை என்றேன். சொல்லும்போதுதான் எனக்கே முழுவதும் புரிந்தது.

அந்த அம்மாள் குப்பைமேனியின் கொம்பைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு வண்டிக்காரனைத் திரும்பிப் பார்த்து, "பெட்டியை இறக்கு" என்றாள்.

பெண் குழந்தை பிறந்தது. சுகப்பிரசவம். பேர் விளிக்கிற அன்று, ஒரு காதை வெற்றிலையால் பொத்திக்கொண்டு மறு காதில் மூன்று முறை பேர் சொல்வது எங்கள் வழக்கம். டவாலிதான் விளிக்க வேண்டும் என்றாள் தங்கம்மை. பிள்ளை பயந்து வீறிடப்போகிறது என்று தெருவே கலங்கியது. நான் தாய்க்குப் பக்கத்தில் தயாராக நின்றேன். டவாலி குனிந்தார். மூன்று முறை அவர் உதடு அசைந்தது. எட்டிப்பிடிக்கும் தூரத்தில் நின்ற எனக்கே ஒன்றும் கேட்கவில்லை. குழந்தை கண்ணைத் திறந்து ஒரு கொட்டாவி விட்டது. டவாலி நிமிர்ந்து எங்களைப் பார்த்து, "ஆஜர்" என்றார். அந்த மனிதரை நான் எவ்வளவு கேலி செய்தேனோ அவ்வளவு பிரியம் வைத்திருந்தேன் என்பது, அன்று கண்ணைத் துடைக்க முந்தானையைத் தேடியபோதுதான் எனக்குத் தெரிந்தது.