நேற்றுக் காலமான சூசை மாமா

உயிரோடு இருந்த ஒரு மனிதருக்காகக் கோயிலில் துக்கமணி அடிக்க வைத்தவன் நான். பிள்ளைகளே, இதை எழுதும்போது இப்போதும் காது சுடுகிறது. நான் பெரிய படிப்பாளி இல்லை. சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்திக்கொண்டு ஹட்டன் பசாரில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தவன். ஆனால் துணியில் என்னை ஏமாற்ற முடியாது. ஓரத்தை நனைத்து விரலால் ஒரு தேய்ப்புத் தேய்த்தால், சாயம் நிற்குமா ஓடுமா என்று சொல்லிவிடுவேன். (முதலாளியே என்னைக் கேட்டுத்தான் சரக்கு இறக்குவார்.) அந்தப் புத்தி கைப்போன் விஷயத்தில் எங்கே போனது என்றுதான் தெரியவில்லை.

சூசை மாமா என் மனைவி ஸ்டெல்லாவின் அப்பா. டயகமப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில், மாமி இறந்த பிறகும் தனியாகவே இருக்கிறார். அங்கே போனுக்குச் சிக்னல் கிடையாது. லயத்துக்கு மேலே, தேயிலைக்கு நடுவில் ஒரு பெரிய கல் இருக்கிறது. அதில் ஏறி நின்றால்தான் இரண்டு கோடு விழும். ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து மாமா அந்தக் கல்லில் ஏறி எங்களை அழைப்பார்.

அந்த வருடக் கிறிஸ்மஸுக்கு அப்பாவுக்கும் மகளுக்கும் சண்டை. வட்டவளைக்கு வந்து எங்களோடு இருங்கள் என்று இவள் கேட்க, மாட்டேன் என்று அவர் சொல்ல, "அப்ப இனி உங்க வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். அதற்குப் பிறகு ஞாயிறு அழைப்பில் நான்தான் பேசுவேன். அவள் அடுப்படியில் சட்டியைக் கழுவுகிற மாதிரி நின்றுகொண்டு காதை மட்டும் எங்கள் பக்கம் அனுப்பி வைப்பாள்.

பிறகு இரண்டு ஞாயிறு தொடர்ந்து அழைப்பு வரவில்லை.

இரண்டாவது ஞாயிறு பின்னேரம் ஸ்டெல்லா அடுப்படியிலிருந்து வெளியே வந்து, "இன்னைக்கும் இல்லையா?" என்றாள். சண்டைக்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்த முதல் விசாரிப்பு. நான் உடனே போனை எடுத்து, "டயகம சூசை மரணம்" என்று எழுதித் தேடினேன். (சுகம் என்று தேடியிருக்கலாம். தோன்றவில்லை.)

ஒரு பக்கம் திறந்தது. கறுப்புத் திரை. நடுவில் ஒரு மெழுகுவர்த்தி ஆடாமல் அசையாமல் எரிந்தது. அதற்குப் பின்னால் முகமில்லாத ஓர் ஆளின் நிழல். எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன: "டயகம சூசை அவர்கள் நேற்றுக் காலமானார். அமைதியான மனிதர். அனைவராலும் நேசிக்கப்பட்டவர்."

மாமா அமைதியான மனிதரா? காலையில் பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பெயர் கொடுக்க நிற்கும்போது அவர் தும்மினால், எதிர்மலையில் நாய் குரைக்கும். நான் அங்கேயே நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. அந்த நிழலை உற்றுப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க அது மாமாவாக மாறிக்கொண்டே வந்தது.

"காதைப் பாரு ஸ்டெல்லா. அப்படியே மாமா காது."

அவள் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தவள்தான், சத்தமே இல்லை.

பத்தாம் வகுப்புப் படிக்கும் எங்கள் மகள் ஜெனி மட்டும் எட்டிப் பார்த்து, "இத யாருப்பா போட்டது?" என்றாள்.

"பின்ன, செத்தவரே வந்தா போடுவாரு?" என்று எரிந்து விழுந்தேன்.

தோட்டத்து ஆபீசுக்காவது ஒரு போன் போட்டுக் கேட்கலாமே என்றாள். துக்க வீட்டாரிடம் 'செத்தது உண்மைதானா' என்று கேட்பது மரியாதையா என்று அதற்கும் ஏசினேன்.

என் சொல்லைக் கேட்டு, திங்கள் காலை எங்கள் கோயிலில் துக்கமணி அடித்தார்கள். விட்டு விட்டு, ஒவ்வொன்றாக. வட்டவளைச் சனம் வீட்டு வாசலில் வந்து நின்று யார் என்று கேட்டது. ஹட்டனில் மாமாவின் படத்தோடு 'கண்ணீர் அஞ்சலி' பெனர் அடித்தேன். ஸ்டெல்லா மலர்வளையத்து ரிப்பனில் தன் கையாலேயே எதையோ எழுதிச் சுருட்டி வைத்தாள். வெள்ளை உடுத்தி வேனில் கிளம்பினோம். வழியெல்லாம் அவள் ஒரே வசனத்தைத்தான் சொன்னாள்: "வாசப்படிய மிதிக்க மாட்டேன்னு சொன்னேனே."

லயத்தடியில் இறங்கும்போது மதியம் இரண்டு மணி. ஆனால் பனிமூட்டம் வேன் விளக்கையே விழுங்கியிருந்தது. வெள்ளைக்கொடி இல்லை. ஆட்கள் உட்காரக் கதிரை இல்லை. அழுகைச் சத்தம் இல்லை. எல்லோரும் மலைக்கு வேலைக்குப் போயிருந்தார்கள். லயத்து வீடுகளின் காம்பராக் கதவுகள் வரிசையாகச் சாத்தியிருந்தன. மாமாவின் கதவு மட்டும் திறந்திருந்தது. உள்ளே அடுப்பில் புகை வந்துகொண்டிருந்தது, ஆளைக் காணோம்.

"ஏன் யாருமே அழல?" என்றாள் ஸ்டெல்லா மெதுவாக.

அப்போது பனிக்குள்ளிருந்து ஓர் உருவம் வந்தது. தலையோடு கம்பளி போர்த்தியிருந்தது. வெறுங்கால், அதனால் காலடிச் சத்தம் இல்லை. முகம் இருக்கவேண்டிய இடத்தில் இருட்டு. நேற்றுத் திரையில் பார்த்த அதே நிழல். கம்பளிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அதே காது.

உருவம் எங்கள் வெள்ளை உடுப்பைப் பார்த்தது. என் கையிலிருந்த மலர்வளையத்தைப் பார்த்தது. பிறகு கேட்டது:

"யாரும்மா செத்தது?"

வேன்காரர் வேனுக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். ஸ்டெல்லாதான் நடந்துபோய் அந்தக் கையைத் தொட்டாள். தொட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"கை சூடா இருக்குங்க."

கல்லுப் பக்கம் சிறுத்தைப்புலி நடமாட்டமாம். இரண்டு வாரமாக யாரும் தனியாக மேலே போவதில்லையாம். அழைப்பு வராததற்கு அவ்வளவுதான் காரணம்.

நான் விஷயத்தைச் சொல்லி முடித்ததும் மாமா, "அத எனக்குக் காட்டுங்க" என்றார். காட்டுவதென்றால் சிக்னல் வேண்டும். சிக்னல் வேண்டுமென்றால் கல். ஆள் சேர்ந்து போனால் புலி வராது என்று, வெள்ளை உடுத்திய நாங்கள் மூவரும் இறந்தவரை முன்னால் விட்டு மலை ஏறினோம். (பனிக்குள் எங்களைக் கண்ட, கொழுந்து பறிக்கும் பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.)

கல்லின்மேல் பக்கம் திறந்தது. அதே மெழுகுவர்த்தி. "டயகம சூசை அவர்கள் நேற்றுக் காலமானார்."

"நேத்துப் பார்த்தப்பவும் நேத்துன்னுதான் இருந்துச்சு" என்றாள் ஜெனி. "இன்னைக்கும் நேத்தா?"

போனை வாங்கி, பக்கத்தின் உச்சியிலிருந்த கட்டத்தில் ஏதோ எழுதினாள். எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன: "வட்டவளை பிலிப்பு அவர்கள் நேற்றுக் காலமானார். அமைதியான மனிதர். அனைவராலும் நேசிக்கப்பட்டவர்."

பிலிப்பு நான்தான்.

அதே நிழல். இப்போது காது என்னுடையது மாதிரி இருந்தது. பனி கல்லை மூடிக்கொண்டு போனது. என் கால் எனக்கே தெரியவில்லை. மாமா திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மாப்பிள்ள, அப்ப நம்ம ரெண்டு பேரும் நேத்தே போயிட்டோம்" என்றார். "இந்தக் கல்லுமேல நிக்கிறது யாரு?"

எனக்கு அங்கேதான் உறைத்தது. ஊரும் பெயரும் மரணமும் நான் எழுதிக் கொடுத்தவை. அந்தப் பக்கம் அதையே மெழுகுவர்த்தி வைத்து எனக்குத் திருப்பிக் காட்டியிருக்கிறது. எந்தக் கோயில், பிள்ளைகள் யார், யார் அறிவிக்கிறார்கள் என்று நான் சொல்லாத ஒன்றையாவது சொன்னதா? இல்லை. தேதி இல்லை. கேட்டுப் பார்க்க ஒரு நம்பர் இல்லை. சுற்றிலும் விளம்பரம் மட்டும் நிறைய. ஆட்கள் பதறிப்போய்த் திறந்து பார்த்தால் போதும் என்று எவனோ செய்து வைத்த பக்கம். ஜெனி செய்தது என் தொழில்தான்: ஓரத்தை நனைத்து ஒரு தேய்ப்பு. சாயம் ஓடிவிட்டது.

கீழே வந்ததும் மாமா மலர்வளையத்தை மடியில் வைத்து ரிப்பனை விரித்து, எழுத்துக்கூட்டிப் படித்தார். 'அப்பா, என்னைய மன்னிச்சிருங்க.' திரும்பவும் ஒரு தடவை படித்தார். ரிப்பனை மட்டும் கழற்றி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"இத கல்லுக்கு ஒரு போன் போட்டே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். ஸ்டெல்லா அப்போதுதான் சத்தம் போட்டு அழுதாள். உயிரோடு இருப்பவருக்காக ஒருத்தி அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

பெனரை அவர் வீணாக்கவில்லை. விறகுக்கு மேலே போர்த்தியிருக்கிறார். மழை நாளில் யார் போனாலும் விறகடியிலிருந்து மாமா சிரித்தபடி பார்ப்பார்.

எங்கள் வீட்டில் நான் இப்போது எந்தச் செய்தியும் சொல்ல முடியாது. சீனி விலை கூடிவிட்டது என்றாலும், ரயில் தடம் புரண்டது என்றாலும், ஜெனி தலை நிமிராமல் கேட்பாள்: "எப்பப்பா? நேத்தா?"

போன ஞாயிறு போன் அடித்தது. கல்லின்மேல் காற்று இரையும் சத்தம். அதற்குள்ளிருந்து ஒரு குரல்.

"மாப்பிள்ள, நேத்துப் போனவன் பேசுறேன்."

"நானுந்தான் மாமா" என்றேன். அதற்குள் ஸ்டெல்லா ஈரக் கையோடு வந்து போனைப் பிடுங்கிக்கொண்டாள்.