பலப்பம் தின்ற வாசுகியும் பாவாடையின் படையெடுப்பும்

வாழ்க பாவாடை. மணிமுத்தாற்று நீர் பருகி வளர்ந்தவனும், பீங்கான் பட்டறைச் சூளையின் செந்தீயைச் சொன்ன பேச்சு கேட்கவைத்தவனும், மேஸ்திரிமார் மூவரை முறைத்தே மௌனமாக்கியவனும், ஏழு வயது மகள் வாசுகியிடம் மட்டும் நாள்தோறும் தோற்று நின்றவனுமாகிய அம்மாவீரனின் கீர்த்தி, விருத்தாசலம் ஜங்ஷன் தொடங்கிப் பாலக்கரை ஈறாகப் பரவுக.

தோல்விக்கு வித்திட்டது அவன் பாசமே. சுடாத கிண்ணம் ஒன்றைப் பட்டறையிலிருந்து மகள் விளையாடக் கொண்டுவந்தான். அவள் விளையாடவில்லை, தின்றாள். மண்ருசி கண்ட அந்நா அதன்பின் வீட்டுச் சுவரை நக்கியது. பள்ளியிலோ தன் பலப்பம், பிறர் பலப்பம் என்ற பேதம் பாராது விழுங்கியது. முகம் வெளுத்தது. வயிறு உப்பியது. ஆஸ்பத்திரியில் பூச்சி மருந்து கொடுத்து, இந்தப் பழக்கத்தை நிறுத்தாவிட்டால் பிள்ளை தேறாது என்றார்கள். எப்படி நிறுத்துவது என்று மட்டும் சொல்லவில்லை. தாய் அமிர்தம் தொடுத்த வேப்பெண்ணெய், புளியம்விளார் முதலிய ஆயுதங்கள் யாவும் மண்ணைக் கவ்வின.

ஆகவே, அறுபத்தெட்டாம் ஆண்டின் ஒரு திங்கட்கிழமை, அரைநாள் சம்பளத்தைத் துறந்து, சலவைச் சட்டையெனும் கவசம் பூண்டு, மகளைக் கையில் பிடித்தவாறு, தொடக்கப்பள்ளியெனும் ஓட்டுக்கூரைக் கோட்டையை அவன் முற்றுகையிட்டான். படித்தவர்களுக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியும் என்று அப்பாவி நம்பியிருந்தான்.

எதிரே எழுந்தருளியிருந்தார் சொர்ணாம்பாள் டீச்சர்: பிரம்பேந்திய செங்கையர், குழந்தை மனவியலில் பரீட்சை எழுதித் தேறியவர், ஒற்றைப் பார்வையால் இரண்டாம் வகுப்பு முழுவதையும் வாய்பொத்தவைப்பவர்.

“நீங்கதான் டீச்சர் ஒரு வழி சொல்லணும். எங்களுக்கு என்னா தெரியும்” என்று முழங்கினான் வீரன்.

“வூட்டுல கண்டிச்சு வளக்கணுங்க. அத நான் வந்தா செய்ய முடியும்?” என்று எதிர்முழங்கினார் டீச்சர்.

“கண்டிக்கத்தான இங்க வுட்டிருக்கறோம். கண்ண மட்டும் வுட்டுட்டுத் தோல உரிச்சிடுங்க.”

இவ்வாறு பொறுப்பெனும் அம்பு அங்குமிங்கும் பறந்ததே ஒழிய, எவர்மீதும் தைக்கவில்லை. பிள்ளையின் வெளுத்த முகம் நடுவில் நின்றது. அதைக் கண்டு டீச்சருக்கும் உள்ளூரப் பயம்தான். ஈற்றில், மனவியல் அனைத்தையும் கடைந்து, தம் பிரம்மாஸ்திரத்தை அவர் ஏவினார்.

“மண்ணு தின்னா டீச்சர்கிட்ட சொல்லிடுவேன்னு சொல்லிப் பாருங்க.”

பாவாடை தலைகுனிந்தான். “அதத்தான் டீச்சர் தெனம் சொல்றோம்.”

சொர்ணாம்பாளின் பிரம்பு மெல்ல மேசைமேல் படுத்தது. “நான் இங்க, ஒங்கப்பாகிட்ட சொல்லிடுவேன்னு சொல்லிக்கிட்டு இருக்கறேன்.”

ஒன்றையொன்று காட்டி மிரட்டியே இதுகாறும் கொடிகட்டி ஆண்ட இருபெரும் பேரரசுகள், கொட்டிலில் இருந்த யானைகளெல்லாம் வெறும் கோலமாவு யானைகள் என்பது வெட்டவெளிச்சமாகி, வெறுங்கையோடு நேருக்கு நேர் விழித்து நிற்க, இருவர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்த வாசுகியின் நெஞ்சிலிருந்து அச்சமெனும் கடைசிச் சிப்பாயும் மூட்டைகட்டிக் கிளம்பினான்.

அவள் மேசையிலிருந்த சாக்பீஸை எடுத்துக் கடித்தாள்.