பிரேக் பேடும் சில சந்தேகங்களும்

ஓடும்வரை வாயைத் திறக்காது. நில் என்றால் ஊரைக் கூட்டும். அது என்ன?

யோசியுங்கள். இந்த வீட்டுச் சிறுமி "அப்பா" என்றாள். தப்பு. விடை, தேய்ந்துபோன பிரேக் பேட். சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க் என்ற இரும்புத் தட்டை இருபக்கமும் கவ்வி நிறுத்துமே, அந்தப் பட்டை.

காரில் அந்தக் கத்தலைக் கேட்டதும் அப்பா மார்தட்டினார். "மெக்கானிக் எதுக்கு? நானே மாத்தறேன்!"

தெருவில் அவருக்கு 'நிபுணர்' என்று பெயர். அவர் பழுது பார்த்த குழாய் அதற்குப் பிறகு மூடியதே இல்லை. அவர் மனைவி நகரப் பேருந்து ஓட்டுநர். நாள் முழுக்கப் பிரேக்கோடு குடித்தனம் நடத்துபவள். ஆனால் "பஸ் வேற, கார் வேற" என்பது நிபுணரின் கொள்கை. யோசனை சொன்னால் நேர்மாறாகச் செய்வார். அதனால் அவள் யோசனை சொல்வதை விட்டுப் பல காலமாயிற்று.

சந்தேகம் மட்டும் கேட்பாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மகளுக்கு நீச்சல் போட்டி. அதற்குள் கார் தயாராக வேண்டும். வாசலிலிருந்து தெரு சரசரவென்று இறங்கி, கீழே பெரிய சாலையில் போய் முட்டும். அந்தச் சரிவில் நிபுணர் ஜாக்கியை வைத்தார்.

"ஏங்க, பின்சக்கரத்துக்குக் கல்லு வைக்காமலே தூக்கலாமா?"

"கல்லு வைக்காம எவனாவது தூக்குவானா?" என்று சொல்லிவிட்டுக் கல் தேடப் போனார்.

முன்சக்கரம் கழன்றது. பேடைப் பிடித்திருக்கும் கனத்த காலிப்பரையும் கழற்றி, அப்படியே தொங்க விடப் போனார்.

"அந்த ரப்பர் குழாய் இத்தனை பாரத்தைத் தாங்குமாங்க? அதுலதானே பிரேக் ஆயில் வருது?"

"தாங்காது. அதான் கட்டப்போறேன். கம்பி எடு."

கம்பி ஏற்கெனவே அவள் கையில் இருந்தது.

பழைய டிஸ்க்கில் விரல் நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம். அதற்கே புதுப் பேடைப் பொருத்தக் கொண்டுபோனார்.

"புதுப் பேட் போட்டா பள்ளம் தானா நிரம்பிடுமோ?"

"எல்லாத்தையும் சொல்லித்தரணுமா உனக்கு? டிஸ்க்கையும் சேர்த்துத்தான் மாத்தணும்!"

புது டிஸ்க்குகள் மாடிப்படிக்குக் கீழே இருந்தன. எப்போது வாங்கினோம் என்று யோசித்தார். நினைவில்லை. நான்தான் வாங்கியிருப்பேன் என்று முடிவு செய்தார்.

துருப்பிடிக்காமலிருக்க அவற்றில் எண்ணெய் தடவி அனுப்பியிருந்தார்கள்.

"பளபளன்னு இருக்கு! அப்படியே மாட்டினா நல்லா வழுக்கும்ல?"

"அசடு! பிரேக் வழுக்கினா வண்டி எப்படி நிக்கும்?" என்றவர், அதன்பிறகுதான் தன் கையிலிருந்த டிஸ்க்கைப் பார்த்தார். துணி தேடி எண்ணெயைத் துடைத்தார்.

அடுத்த சக்கரத்தில் அவளுக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. சொல்லிக்கொடுத்தால் கற்றுக்கொள்கிறாளே என்று நிபுணர் நெகிழ்ந்தார்.

வேலை முடிந்தது. மகள் நீச்சல் கண்ணாடியோடு பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். நிபுணர் எஞ்சினைக் கிளப்பி, கைப்பிரேக்கை விடுவிக்கப் போனார். மனைவி ஜன்னலில் குனிந்தாள். முகத்தில் சிரிப்பில்லை.

"ஏங்க, பிரேக்கை இங்கயே மிதிச்சுப் பாக்கணுமா, இல்ல கீழே பெரிய ரோட்டுல போய் மிதிச்சாப் போதுமா?"

"இங்கயேதான்" என்று மிதித்தார்.

பெடல் தரைவரை போயிற்று. பஞ்சில் கால் வைத்ததுபோல. கூடவே அவர் உயிரும் போயிற்று. எதிரே சரிவு. அதன் அடியில் ஒரு லாரி கடந்தது. பின்னால் மகள்.

"இன்னும் மிதிங்க."

அது கேள்வி இல்லை. மிதித்தார். மிதிக்க மிதிக்கப் பேட் நகர்ந்து டிஸ்க்கைத் தொட்டது. பெடல் மெல்ல இறுகி, பாறைபோல நின்றது.

எஞ்சினை அணைத்தார். காலையிலிருந்து வந்த சந்தேகங்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். ஒன்றுகூட ஒரு நொடி முந்தவில்லை, ஒன்றுகூடப் பிந்தவில்லை. முதன்முதலாகக் கடலைப் பார்ப்பவர்போல மனைவியைப் பார்த்தார்.

"உனக்கு... இதெல்லாம் முன்னாடியே தெரியுமா?"

"எனக்கென்னங்க தெரியும்? நீங்க வேலை செய்யறதைப் பாத்தா சந்தேகம் வருது. அவ்வளவுதான்."

நிபுணருக்குக் கொஞ்சம் மானம் மிச்சமிருந்தது. மகள் பக்கம் திரும்பினார்.

"நீயே சொல்லும்மா. பிரேக் மாத்தினது அப்பா. இப்ப யாரு ஓட்டணும்?"

மகள் எட்டிச் சாவியை உருவி அம்மாவிடம் கொடுத்தாள்.