தஹித்திக்காரன் தவறவிட்ட கப்பல்

புரியாததைப் புரிந்ததாகக் காட்டிக்கொள்வது என் பிறவிக் குணம். (இன்னும் முழுக்க விட்டபாடில்லை.) இருபத்திரண்டு வயதில் ரங்கூனில் மாமாவின் கைலிக் கடையில் நின்றபோது எனக்குப் பர்மியமும் உருதும் வரும். மிச்சமிருக்கும் பாஷைகளும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும் என்று நம்பினேன்.

ஒருநாள் காலை பிரெஞ்சுக் கப்பலில் வேலை பார்க்கும் ஒருவன் உள்ளே வந்தான். வாசலை அடைக்கும் உடம்பு, காதோரம் ஒரு பூ. "யொரானா!" என்று சிரித்தான். சலாம் சொல்கிறான் என்பது வரை சரியாகவே புரிந்துகொண்டேன். பெரிய பூப்போட்ட துணி ஒன்றை இடுப்பில் சுற்றி, "பரேயு" என்றான். அவன் ஊர்க் கைலிக்கு அதுதான் பெயர் போலும். நெஞ்சைத் தொட்டு, "தேவா. தஹித்தி" என்றான். தஹித்தி எந்தத் திசையில் என்றே தெரியாமல் பலமாகத் தலையாட்டினேன்.

துணியோடு வாசல்வரை போனவன் திரும்பிக் கையை உயர்த்தினான். "நானா!"

எனக்குப் புல்லரித்துவிட்டது. எங்கள் வீடுகளில் அண்ணனைத்தான் நானா என்போம்.

"மாமா! இவன் என்னை நானாங்கிறான்!"

"அப்ப நம்ம புள்ளதான். வெறும் வயிறா அனுப்பாதே!"

டீ குடித்தான். எழுந்தான். "நானா!" பிடித்து உட்காரவைத்துப் பரோட்டா கொடுத்தேன். எழுந்தான். "நானா, நானா!" பாசம் முற்றிவிட்டது என்று பிரியாணிக்கு ஆளனுப்பினேன். உபசாரத்தைத் தட்டத் தெரியாத பிறவி, அதையும் சாப்பிட்டான்.

ஆற்றுப் பக்கம் கப்பலின் சங்கு ஊதியது. "நானா!" என்று அலறினான். நான் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

சத்தம் கேட்டுப் பக்கத்துக் கடை காரைக்கால் மரைக்காயர் வந்தார். அவனிடம் பிரெஞ்சில் ஏதோ கேட்டுவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"தம்பி, அவன் பாஷையில நானான்னா போயிட்டு வர்றேன்னு அர்த்தம். காலையிலேருந்து அதைத்தான் சொல்றானாம். நீ விட்டாத்தானே!"

ரிக்ஷாவில் பறந்தோம். (அவன் எடைக்கு எங்கே பறக்க? இறங்கி நானும் சேர்ந்து இழுத்தேன்.) துறைமுகத்தில் பார்த்தபோது கப்பல் நடு ஆற்றில். அவன் அதன் புகையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அடுத்த கப்பலுக்கு ஐந்து வாரம். ஊர் ஓரம் கெம்மண்டைன் பேட்டையில் எங்கள் வீட்டிலேயே தங்கினான். ஒரு நாள்கூட என்மேல் கோபப்படவில்லை. அதுதான் என்னைக் கொன்றது. கொல்லையில் குழி தோண்டி, கற்களைப் பழுக்கக் காய்ச்சி, வாழையிலையில் சுருட்டிய மீனைப் புதைத்து வேகவைத்துக் கொடுத்தான். கொல்லை பாழாய்ப் போச்சே என்று குழியைப் பார்த்து அழுத மாமி, மீனைத் தின்றபிறகு அதை மூடவே விடவில்லை.

கப்பலேறும் நாளில் என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னான். மரைக்காயர் விளக்கினார்.

"உசிருக்கு உசிரான சிநேகிதங்க பேரை மாத்திக்கிறது அவங்க தீவுல பழைய வழக்கமாம். இனிமே அவன் சாகுல், நீ தேவா."

செய்த காரியத்துக்கு மறுக்க முடியுமா? அவன் பாஷையில் ச கிடையாது, க கிடையாது, ல கிடையாது. என் பேரை "தாஉரு" என்று ஆக்கி, நாலு முறை சொல்லிப் பார்த்துச் சந்தோஷமாகக் கொண்டுபோனான்.

அவன் பேர் எனக்குச் சேதமில்லாமல் வந்துவிட்டது. மாமா அன்றே வீடு முழுக்க அறிவித்தார். எனக்குக் கல்யாணமாகி வந்தவளும் அதையே பிடித்துக்கொண்டாள். பல வருஷம் கழித்து, ஓதப் போன என் மகளிடம் புது இமாம் வாப்பா பேரைக் கேட்டிருக்கிறார். அவளும் தெரிந்ததைச் சொல்லியிருக்கிறாள்.

மாலையில் இமாம் கவலை தோய்ந்த முகத்தோடு வீட்டுக்கு வந்தார்.

"இங்கே தேவாங்கிறது யாரு?"

தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "நான்தான் ஹஜ்ரத்" என்றேன்.