இரண்டு மடங்கு அடர்த்தி

மெலிந்த முடி உள்ளவர்கள் அதை நீளமாக வளர்க்கக் கூடாது. நீளம் ஏற ஏற முடி தன் பாரத்திலேயே கீழே இழுபட்டு மண்டையோடு ஒட்டிக்கொள்ளும். கழுத்தளவுக்குக் குறைத்து, நுனியை ஒரே கோடாக வெட்டி, உச்சியில் மட்டும் இரண்டு மூன்று அடுக்கு எடுத்துவிட்டால், பாரம் போன முடி எழுந்து நிற்கும். இருப்பது குறைந்திருக்கும், பார்வைக்குக் கூடியிருக்கும். எட்டாம் வகுப்போடு நின்றுவிட்ட எனக்கே புரிந்த இந்த விஷயம் எடை அளவைத் துறைக்குப் புரிவதற்குப் பதினேழு நாள் பிடித்தது. புரிந்த பிறகு நடந்ததைப் பார்த்தால், புரியாமலே விட்டிருக்கலாம் என்று தோன்றுகிறது.

நான் பெண்களுக்கு முடி வெட்டும் கடை வைத்திருக்கிறேன். நாற்காலி ஒன்றுதான். எதிரெதிர்ச் சுவர்களில் கண்ணாடி மாட்டியிருப்பதால் ஒன்பது நாற்காலி இருப்பது போலத் தெரியும். என் நாத்தனாரும் ஒன்பது பேராகத் தெரிவாள், அதுதான் கொஞ்சம் கஷ்டம். வெட்டிய முடியைக் கூட்டவும் துண்டு துவைக்கவும் வருகிறாள். வாயைத் தவிர அவளிடம் மற்றதெல்லாம் மெதுவாகத்தான் நடக்கும்.

போன வருஷம் கடைக்குப் புதுப் போர்டு எழுதக் கொடுத்தேன். "மெலிந்த முடிக்கு மூன்று மடங்கு அடர்த்தின்னு போடட்டுமாக்கா?" என்று கேட்டார் பெயிண்டர். எனக்கு எதிலும் பயம். நாளைக்கு யாராவது வந்து கேட்டால் என்ன செய்வது என்று யோசித்து, "இரண்டு மடங்கு போதும்" என்றேன். அந்த அடக்கம்தான் என்னை மாட்டிவிட்டது.

பக்கத்துப் பழக்கடைக்காரரின் தராசில் கிலோவுக்கு நாற்பது கிராம் குறைகிறது என்று ஒரு திங்கட்கிழமை எடை அளவைத் துறை ஆய்வாளர் வந்து பிடித்தார். பழக்கடைக்காரர் அழவில்லை, கெஞ்சவில்லை. என் போர்டைக் காட்டினார்.

"நாப்பது கிராமுக்கு என்னைப் பிடிக்கறீங்க. அங்க ரெண்டு மடங்கு தர்றதா எழுதி வெச்சிருக்காங்களே, அதை யாராவது நிறுத்துப் பார்த்தீங்களா?"

ஆய்வாளர் நேர்மையானவர். இதைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் எல்லாத் தொல்லையும் அதிலிருந்துதான் வந்தது. அவர் தலையில் முடி ஷூ பிரஷ் மாதிரி நிற்கும். மெலிந்த முடியின் கவலை என்னவென்று அறியாத பிறவி. கையில் சின்னத் தராசுப் பெட்டியோடு உள்ளே வந்தார். நாற்காலியில் எங்கள் தெருப் பள்ளிக்கூடத்து டீச்சர் இருந்தார். இடது பக்கம் வெட்டி முடித்து, வலது பக்கத்துக்குச் சீப்பை எடுத்திருந்தேன்.

"இந்த போர்டு உங்களுதாம்மா?"

"ஆமா சார். ரோட்டை மறைக்குதா?"

"ரெண்டு மடங்குன்னு போட்டிருக்கீங்க. எதுல? எடையிலயா, நீளத்திலயா, எண்ணிக்கையிலயா?"

"பார்வைக்கு சார்."

"பார்வைன்னு ஒரு அளவு எங்க அட்டவணையில இல்லம்மா."

கீழே கிடந்த முடியைக் கூட்டி அள்ளச் சொன்னார். நாத்தனார் வாழ்க்கையில் முதல் தடவையாகச் சுறுசுறுப்பாகக் கூட்டினாள். தராசில் வைத்துப் பார்த்தார். முப்பத்தொரு கிராம்.

"தர்றதாச் சொன்னது கூடுதல். தந்தது முப்பத்தொரு கிராம் குறைவு."

"சார், வெட்டினா குறையத்தானே செய்யும்?"

"அப்போ ஒத்துக்கறீங்க" என்று எழுதிக்கொண்டார்.

டீச்சர் போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டினார். "எனக்கு நெறைய ஆன மாதிரிதான் சார் இருக்கு."

"ஏமாந்தவங்க எல்லாரும் முதல்ல அப்படித்தான் சொல்வாங்க டீச்சர்."

"அந்த முப்பத்தொரு கிராமை ஒரு கவர்ல போட்டு அவங்க கையிலயே குடுத்துட்டா கணக்கு நேராயிடுமே சார்?" என்றாள் நாத்தனார்.

அவர் சிரிக்கவில்லை. சிறிது நேரம் அதைப் பற்றி யோசித்தார். பிறகு, பிரித்த பொருளைத் திருப்பிக் கொடுத்தால் அது புதிய விற்பனையாகிவிடும் என்று சொல்லி மறுத்தார்.

என் கத்தரிக்கோலைத் துணிப்பையில் போட்டு, நூல் சுற்றி, சிவப்பு அரக்கு வைத்து முத்திரை குத்தி எடுத்துக்கொண்டார். பன்னிரண்டு வருஷமாக என் கட்டைவிரலுக்குப் பழகின கத்தரிக்கோல். டீச்சர் மெதுவாக, "வலது பக்கம்?" என்று கேட்டார். விசாரணை முடியும் வரை அவருடைய தலை வழக்கின் சான்றுப் பொருள் என்றும், அதில் யாரும் கை வைக்கக் கூடாது என்றும் ஆய்வாளர் தெரிவித்தார். டீச்சர் ஒரு பக்கம் கழுத்தளவும் மறுபக்கம் இடுப்பளவுமாக வீட்டுக்குப் போனார்.

மறுநாள் நோட்டீஸ் வந்தது. "தங்கள் வசம் ஒப்படைக்கப்பட்ட கூந்தலைக் குறைத்து, அது கூடியதாகப் பொதுமக்களை நம்பச் செய்தமைக்காகத் தங்கள் கடையை ஏன் நிரந்தரமாக மூடக் கூடாது என்பதற்கு நேரில் ஆஜராகி விளக்கம் அளிக்கவும்." மூன்று தடவை படித்தேன். மூன்று தடவையும் நான் குற்றவாளி என்றே எனக்கும் பட்டது. நான் வெட்டியது உண்மை, குறைந்தது உண்மை, கூடிவிட்டது என்று சொன்னதும் உண்மை. கடை போனால் வீட்டில் நான்கு பேருக்கு வழியில்லை. கண்ணாடியில் ஒன்பது நாற்காலி தெரிந்தாலும் சோறு போட்டது ஒன்றுதான்.

இதற்குள் ஒரு விசேஷம் நடந்தது. டீச்சர் தினமும் அந்தத் தலையோடு தெருவில் நடந்து பள்ளிக்கூடம் போய் வந்தார். ஐந்தாவது நாள், மூடிய ஷட்டரைத் தட்டி இரண்டு பெண்கள், "அக்கா, டீச்சர் கட்டிங் பண்ணுவீங்களா? ஒரு பக்கம் மட்டும்?" என்று கேட்டார்கள். பத்தாவது நாள் வேறு கடைகளில் அதைச் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். பாதித் தலையோடு பேருந்து நிறுத்தத்தில் பெண்கள் ஒருவரை ஒருவர் மரியாதையாகப் பார்த்துக்கொண்டார்கள்.

பதினேழாம் நாள் விசாரணை. நாத்தனாரைக் கூட்டிக்கொண்டு போனேன். அலுவலகத்தில் ஆறு கவுன்டர். ஆறிலும் ஆள் இருந்தார்கள். வேலை நடந்தது, மெதுவாக, ஆனால் நடந்தது. உட்கார பெஞ்சு இருந்தது. இதையெல்லாம் அப்போது நான் பெரிதாக நினைக்கவில்லை.

பெரிய அதிகாரியின் அறையில் ஃபேன் நின்றிருந்தது. ஆய்வாளர், இரண்டு எழுத்தர்கள், நாங்கள் எல்லாரும் வியர்வையில் குளித்துக்கொண்டிருந்தோம். ஃபேன் பதினோரு வருஷமாக ஓடவில்லையாம், கோப்புகள் பறக்குமாம். அதிகாரியின் தலையைப் பார்த்தவுடன் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. இடது காதுக்கு மேலே ஒரு கைப்பிடி முடியை நீளமாக வளர்த்து, உச்சி வழியாக வலது காது வரை கொண்டுபோய்ப் படிய வைத்திருந்தார். சின்னக் காற்று அடித்தாலும் அது கதவு மாதிரி திறந்துகொள்ளும்.

"குறைச்சா எப்படிம்மா கூடும்?" என்றார் அதிகாரி. "அப்படிக் கூடும்னா, நாங்க தராசு வெச்சிருக்கறதுக்கே அர்த்தம் இல்லையே."

"பாரம் குறைஞ்சா முடி நிமிரும் சார். நீளமா இருந்தா படுத்துக்கும்."

"வாயால சொன்னா போதாது. செய்முறை விளக்கம் தரணும். மெலிஞ்ச முடி உள்ள ஆள் ஒருத்தர் வேணும்."

ஆய்வாளர் ஜன்னலைப் பார்த்தார். எழுத்தர்கள் தங்கள் பேனாக்களைப் பார்த்தார்கள். அதிகாரியின் தலை இருந்த திசையை மட்டும் யாரும் பார்க்கவில்லை. நான் மனதுக்குள், இவள் வாயைத் திறக்கக் கூடாதே என்று வேண்டிக்கொண்டிருக்கும்போதே நாத்தனார் திறந்தாள்.

"ஏன் அண்ணி, சார் தலையே இருக்கே!"

என் உயிர் போய்த் திரும்பி வந்தது. அதிகாரி உச்சி முடியை உள்ளங்கையால் ஒரு தடவை படிய வைத்துக்கொண்டார். பிறகு, "பொதுநலன் கருதி" என்றார்.

கத்தரிக்கோலின் முத்திரையை உடைக்க ஒரு படிவம், உடைத்ததற்கு ஒரு படிவம். மேஜைத் துணியை அவர் கழுத்தில் கட்டினேன். அந்த நீள முடியை வகிட்டோடு சேர்த்து ஒரே வெட்டாக வெட்டினேன். அது கோப்பின் மேல் பாம்பு மாதிரி விழுந்தது. ஆய்வாளர் எடுத்து நிறுத்தார்: நான்கு கிராம். பக்கங்களை ஒட்ட வெட்டி, மேலே மிச்சமிருந்ததைக் குட்டையாக்கி, விரலை நனைத்து வேரிலிருந்து தூக்கிவிட்டேன்.

கண்ணாடி இல்லாததால் அதிகாரி, சுவரில் மாட்டியிருந்த குடிமக்கள் உரிமைப் பலகையின் கண்ணாடியில் முகம் பார்த்தார். இப்படித் திரும்பினார், அப்படித் திரும்பினார். அந்தப் பலகையை அவ்வளவு நேரம் யாரும் பார்த்ததில்லை என்று பிற்பாடு எழுத்தர் சொன்னார்.

"அந்த ஃபேனைப் போடுப்பா" என்றார்.

ஃபேன் முனகிக்கொண்டு சுற்றியது. பதினோரு வருஷத் தூசி எங்கள் எல்லார் மேலும் கொட்டியது. அவர் தலையில் ஒரு முடிகூட இடம் மாறவில்லை. கண் கலங்கி உட்கார்ந்திருந்தார்.

அன்றைக்கே தீர்ப்பு எழுதிவிட்டார். குறைத்தாலும் கூடும் என்பது செய்முறையால் ஐயமின்றி நிரூபணமாவதாகவும், கடையைத் திறக்கலாம் என்றும், ஆனால் தராசு சம்பந்தப்பட்டுவிட்டபடியால் கத்தரிக்கோலுக்கு வருஷா வருஷம் துறையின் முத்திரை வாங்க வேண்டும் என்றும் எழுதினார். டீச்சரின் தலை விடுவிக்கப்பட்டது. வலது பக்கத்தை வெட்ட நான் ஓடினேன். "இருக்கட்டும், இப்போ எல்லாரும் இப்படித்தான் வெச்சிருக்காங்க" என்று சொல்லிவிட்டார்.

புறப்படும்போது அதிகாரி கேட்டார்: "உங்க கடையில இடம் சின்னதுன்னு ரிப்போர்ட்ல இருக்கு. எப்படிச் சமாளிக்கறீங்க?"

சந்தோஷத்தில் எனக்கும் வாய் நீண்டுவிட்டது. "எதிரெதிரே கண்ணாடி மாட்டியிருக்கேன் சார். ஒண்ணு ஒன்பதாத் தெரியும்."

அதை அவர் எழுதிக்கொண்டார். அப்போதாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

இரண்டு மாதத்தில் முதல் சுற்றறிக்கை வந்தது. அலுவலகம் தன் நீளத்தாலேயே படுத்துக் கிடப்பதாகவும், பாரத்தைக் குறைத்தால் நிமிரும் என்றும், இது ஏற்கெனவே நிரூபணமான உண்மை என்றும் அதில் இருந்தது. ஆறு கவுன்டரில் நான்கை எடுத்தார்கள். கண்ணாடியையும் பாதியாகக் குறைத்து ஒரு சுவரில் மட்டும் மாட்டினார்கள். ஆண்டறிக்கையில் 'சேவை அடர்த்தி இரண்டு மடங்கு' என்று அச்சானது. மற்றத் துறைக்காரர்கள் வந்து பார்த்து வியந்து, அவரவர் இடத்தில் செய்தார்கள். மருத்துவமனையில் மாத்திரை பாதியாகவும் கவர் பெரிதாகவும் ஆயின. பேருந்துகளைப் பாதியாக்கினார்கள், எந்தப் பேருந்தைப் பார்த்தாலும் கூட்டம் பிதுங்கியது, போக்குவரத்து செழித்துவிட்டது என்று செய்தி வந்தது. டீச்சரின் பள்ளிக்கூடத்தில் இரண்டு வகுப்புக்கு ஒரு டீச்சர்.

அதிகாரிகள் வரிசையாக என் கடைக்கு வந்தார்கள். பெண்கள் கடை என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. எல்லார் தலைகளும் ஒரே மாதிரி சிலிர்த்துக்கொண்டு போயின. தெருவில் ஆண் பெண் வித்தியாசமில்லாமல் அதே வெட்டைக் கேட்டார்கள். பிழைப்பு நன்றாக நடந்தது. ஆனால் ஒவ்வொரு சுற்றறிக்கையின் அடியிலும் 'காண்க: முடி திருத்தும் கடை வழக்கு' என்று போட்டிருந்தது. பேருந்துக்காகக் காத்து நிற்கும் கூட்டத்தில், "எந்த மகராசி குடுத்த யோசனையோ!" என்று யாராவது பல்லைக் கடித்தால், நான் தலையில் முக்காடு போட்டுக்கொள்வேன்.

நேற்று கத்தரிக்கோல் முத்திரைக்குக் கடைசி நாள். தவறினால் கடைக்குப் பூட்டு. விடிந்ததும் போய்விட்டேன். இரண்டு கவுன்டரில் ஒன்றில் ஆள் இல்லை. பெஞ்சைக் காணோம். வரிசை தெரு முனை வரை நின்றது. எனக்கு முன்னால் பழக்கடைக்காரர், தராசைக் குழந்தை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு. மத்தியானத்துக்குள் உள்ளே நுழைந்துவிட்டோம். எனக்கு முன்னால் பதினான்கு பேர் மிச்சம் இருக்கும்போது கவுன்டரை மூடிப் பலகையைத் தொங்கவிட்டார்கள். 'இன்றைய சேவை நிறைந்தது. நாளை இரண்டு மடங்கு.' எழுத்து நம் பெயிண்டருடையது.

"கடைசி நாள் சார்!" என்று கத்தினேன். வாழ்க்கையில் நான் அவ்வளவு சத்தமாகக் கத்தியதில்லை.

சத்தம் கேட்டு அதிகாரி வெளியே வந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "வாங்கம்மா! பார்த்தீங்களா, எவ்வளவு கூட்டம்! போன வருஷம் இதுல கால்வாசிகூட கிடையாது. மக்களுக்கு நம்ம மேல நம்பிக்கை பெருகிடுச்சு." வரிசையைப் பார்த்துச் சொன்னார்: "இந்த மாற்றம் எல்லாத்துக்கும் காரணம் இவங்கதான். கைதட்டுங்க."

அவர் உள்ளே போய்விட்டார். ஃபேன் சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது.

வரிசை முழுவதும் என் பக்கம் திரும்பியது. சுவர்க் கண்ணாடியிலும் அத்தனை முகங்களும் என் பக்கம் திரும்பின. முக்காட்டை இழுத்துக்கொண்டேன். பழக்கடைக்காரர் தராசைக் கீழே வைத்தார்.

"நீங்கதானாக்கா?"

"நான் முடியைத்தாங்க சொன்னேன்" என்றேன். அழுகை வந்துவிட்டது.

பின்னாலிருந்து ஒரு அம்மா என் தோளைத் தொட்டார். அடி விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"அவருக்கு வெட்டினது நீங்கதானா? எனக்கும் உச்சியிலதான் முடி கொட்டுது. நாளைக்கு வந்தா இடம் இருக்குமா?"

"நாளைக்குக் கடைக்குப் பூட்டு போட்டுடுவாங்கம்மா. முத்திரை கிடைக்கலையே."

"அட, அது கிடைக்கும்போது கிடைக்கட்டும். என் பேரை எழுதிக்கோங்க."

"நான் முன்னால நிக்கறேன், எனக்கப்புறம்தான் நீங்க" என்றார் பழக்கடைக்காரர், தன் தலையைத் தடவிக்கொண்டு. கவுன்டருக்கு நின்ற வரிசை அப்படியே திரும்பி எனக்கு நின்றது. நிற்கிற நேரத்தில் எல்லாரும் கண்ணாடியைப் பார்த்து அவரவர் முடியைச் சரி செய்துகொண்டிருந்தார்கள்.

நானும் பார்த்தேன். எண்பது பேர் தெரிந்தார்கள். அதில் நாற்பது பேர் அங்கே இல்லாதவர்கள். கோபமாக ஒருவர்கூட இல்லை. முக்காட்டை விலக்கினேன். உச்சியில் கொஞ்சம் படிந்திருந்தது. விரலால் வேரிலிருந்து தூக்கிவிட்டுக்கொண்டேன்.